கதை சொல்லும் வீடியோ கேம்களுக்கும் மதிப்புரை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வாரந்தோறும் திரைப்படங்களுக்கு மதிப்புரை வருகிறது. ஞாயிறு இணைப்பில் புதிய நூல்களுக்கு அறிமுகம் வருகிறது. நாடகத்துக்கும் கச்சேரிக்கும்கூட இடம் இருக்கிறது. வீடியோ கேம்களைப் பற்றி மட்டும், யாரேனும் பணத்தைத் தொலைத்தாலோ ஒரு மாணவர் படிப்பைக் கோட்டை விட்டாலோதான் செய்தி வருகிறது. வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் என் போன்ற பலர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வு நேரத்தில் இவற்றைக் கதைக்காகவே ஆடுகிறோம். ஆடிய கதை எந்த நாட்டில், எந்தக் காலத்தில் நடக்கிறதோ அதைப் பற்றித் தேடிப் படிக்கிறோம். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு நேரில் போய்வருகிறோம். இந்த வகை விளையாட்டுகளுக்கும் தங்கள் நாளிதழ் முறையாக மதிப்புரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பணம் கட்டி ஆடும் ரம்மியும் போக்கரும் எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்தன என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவற்றுக்கு எதிராகத் தமிழகச் சட்டப்பேரவை 2022-ல் சட்டம் இயற்றியதையும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நாடு முழுமைக்கும் தடை கொண்டுவந்ததையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நாடாளுமன்றச் சட்டமே பந்தயம் இல்லாத விளையாட்டுகளைத் தனியே பிரித்து அவற்றை வளர்க்க வேண்டும் என்று சொல்லும்போது, செய்திகளில் இரண்டும் ஒரே தட்டில் வைக்கப்படுவது நியாயமன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்கள் நாம். கோயில் மண்டபங்களின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கிழித்து வைத்தவர்களும் நம் முன்னோர்தாம். விளையாட்டு என்றாலே சூது என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை.

இவ்விளையாட்டுகள் என்ன செய்யக்கூடியவை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே சுஷிமா என்றொரு தீவு இருக்கிறது. 1274-ல் மங்கோலியப் படை கடல் வழியாக வந்து அத்தீவின் கோமோடா கரையில் இறங்கியது. எதிர்த்து நின்ற சிறு படை அழிந்தது. இந்த நிகழ்ச்சியை வைத்து அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்கிய 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' 2020 ஜூலையில் வெளிவந்தது. தப்பிப் பிழைத்த ஜின் என்னும் சாமுராய், நேருக்கு நேர் நின்று போரிடுவதே அறம் என்று தன்னை வளர்த்த மாமாவின் சொல்லை மீறி, மறைந்திருந்து தாக்கித் தன் மக்களைக் காப்பாற்றலாமா என்று தவிப்பதுதான் கதை. வாலியை மறைந்து நின்று கொன்ற இராமனைப் பற்றி இன்றுவரை பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும் நமக்கு அந்தத் தவிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த விளையாட்டில் வழிகாட்ட அம்புக்குறி கிடையாது. கண்ட்ரோலரின் தொடுபரப்பில் விரலை மேல்நோக்கி இழுத்தால் காற்று வீசும். புல்லும் மூங்கிலும் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கம் குதிரையைத் திருப்ப வேண்டும். இப்படி ஊரைப் பார்த்துக்கொண்டே போகச் செய்வதால், போர் முடிந்த பிறகும் அந்த நிலம் நினைவில் நிற்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் வீசிய புயலில், சுஷிமாவின் வதாத்சுமி கோயிலில் நின்ற தோரண வாயில்களில் ஒன்று சாய்ந்துவிட்டது. அதை மீண்டும் நிறுத்த 50 லட்சம் யென் வேண்டும் என்று பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். இந்த விளையாட்டை ஆடியவர்களும் அள்ளிக் கொடுத்ததில் 2 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல் சேர்ந்தது. 2021-ல் அத்தீவின் நகர நிர்வாகம், விளையாட்டை இயக்கிய நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் ஆகிய இருவரையும் தன் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்துச் சிறப்பித்தது. ஒரு விளையாட்டால் ஓர் ஊர் அடைந்த இந்த நன்மையைத் தமிழில் பெரிய செய்தியாக நான் படிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது, செக் நாட்டு வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. கதைக்களம் 1403-ஆம் ஆண்டின் பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி. மாயமந்திரம் இல்லை, பூதங்கள் இல்லை. நாயகன் ஹென்றி ஒரு கொல்லரின் மகன். வாள் பிடிக்கவும் தெரியாது, எழுத்தும் தெரியாது. கதை தொடங்கிச் சில மணி நேரம் கழித்து ஒரு புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் முழுக்க எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடந்தன. ஹென்றிக்கு வாசிக்கத் தெரியாததால் எனக்கும் தெரியவில்லை. ஓர் எழுத்தரிடம் போய்ப் பாடம் கேட்டு, தொடர்ந்து பழகப் பழக, ஒவ்வொரு சொல்லாகத் தன் வடிவத்துக்குத் திரும்பி, கடைசியில் பக்கம் தெளிந்தது. எழுத்தறிவு ஒரு மனிதனுக்கு என்ன தருகிறது என்பதை இவ்வளவு அழுத்தமாக உணர்த்திய வேறொரு கதையை நான் அறியேன். அந்தக் கதையில் வரும் சாசாவா மடாலயம் இன்றும் இருக்கிறது. அங்கே கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன கோயிலின் தூண்களைப் படத்தில் பார்த்தபோது, விளையாட்டில் அதே இடத்தில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மன்னர் வென்சஸ்லாஸுக்கும் அவருடைய சகோதரர் சிகிஸ்மண்டுக்கும் நடந்த அரியணைச் சண்டையைப் படிக்கத் தொடங்கி, 1415-ல் கொன்ஸ்டான்ஸ் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் வரை வந்து சேர்ந்தேன். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகக்கூட நான் படித்திராத வரலாறு அது.

தமிழருக்கே உரிய விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980-களில் அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. குடும்பத் தலைவியின் பெயர்தான் வெண்பா. அவளுடைய தாய் கொடுத்த சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் கிழிந்தும் சில அழிந்தும் போயிருக்கும். மிச்சமிருப்பதை வைத்து ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது என்று யோசிக்க வேண்டும், பிரியாணிக்கு அடுக்கு வைக்க வேண்டும். சமையல் நடக்க நடக்க, மகன் கவின் தமிழைவிட்டுச் சிறிது சிறிதாக விலகிப் போவதும், பெற்றோர் அதை விழுங்கிக்கொள்வதும் தெரியவரும். ஒரு திரைப்படம் பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்த விளையாட்டு, 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. தனித்து இயங்கும் சிறு படைப்பாளிகளுக்கான சர்வதேச விழாவில் அதே ஆண்டின் முதற்பரிசும் இதற்கே. வெளிநாட்டில் ஒரு தமிழ்ப் படத்துக்கு இத்தகைய விருதுகள் கிடைத்திருந்தால் நம் நாளிதழ்கள் முதல் பக்கத்தில் போட்டிருக்கும்.

இப்படி ஆடிப் பழகிய கண், ஊருக்குப் போகும்போதும் கூடவே வருகிறது. செஞ்சிக் கோட்டைக்கு நான் போனது அதன் பிறகுதான். இராஜகிரியின் உச்சிக்கு ஏறும் படிகள் ஓரிடத்தில் ஒரு பாறைப் பிளவின் முன்னால் நின்றுவிடுகின்றன. அதைக் கடக்க ஒரு சிறு பாலம். அந்நாளில் அப்பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே மேலே நின்றுகொண்டு ஒரு படையைத் தடுத்திருக்க முடியும். 1690-ல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு இக்கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஏன் ஆயிற்று என்பது அந்த இடத்தில் நின்றால் உடனே புரிகிறது. கீழே நெற்களஞ்சியம், கல்யாண மஹால், குளங்கள். எதிரே கிருஷ்ணகிரி, சற்றுத் தள்ளிச் சந்திரகிரி, மூன்று குன்றுகளையும் சேர்த்து ஓடும் மதில். தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வாழும் தேசிங்கு ராஜன் 1714-ல் போரில் மாண்டதும் இந்த மண்ணில்தான். 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. கதை, போர், மலை, நீர், நட்பு, துரோகம் என்று ஒரு விளையாட்டுக்கு வேண்டிய எல்லாமே அங்கே தயாராக இருக்கின்றன. செய்வதற்குத்தான் ஆள் வரவில்லை.

மதிப்புரைகள் வந்தால் இளைஞர்கள் மேலும் கெட்டுப்போவார்கள் என்று சிலர் கருதலாம். உண்மையில் இன்று பெற்றோருக்குத்தான் இவை மிக அவசரமாகத் தேவைப்படுகின்றன. நான் மேலே சொன்ன சுஷிமாவும் பொஹீமியாவும் வயது வந்தோருக்கானவை; வெட்டும் இரத்தமும் அவற்றில் ஏராளம். 'வெண்பா'வைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தே ஆடலாம். இவற்றை ஆடுவதற்கான கருவியான ஒரு கன்சோலுக்கு 50,000 ரூபாய் அளவுக்கும், ஒரு புதிய விளையாட்டுக்குச் சில ஆயிரங்களும் கொடுக்கும் தந்தைக்கு, எது எந்த வயதுக்கு ஏற்றது, உள்ளே மேலும் பணம் பறிக்கும் ஏற்பாடு ஏதும் இருக்கிறதா, முடிக்க எவ்வளவு நேரமாகும் என்பதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்ல நம்பகமான இடம் வேண்டும். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு திகைத்து நிற்கும் பெற்றோரை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். மதிப்புரை எழுதுபவர் கதையைப் பாராட்டினால் மட்டும் போதாது. இந்தத் தகவல்களையும் ஒவ்வொரு முறையும் தவறாமல் தர வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பயன் உண்டு. கிளியோபாட்ரா காலத்து எகிப்தைக் களமாகக் கொண்ட 'அசாசின்ஸ் கிரீட்: ஆரிஜின்ஸ்' விளையாட்டுக்கு, யூபிசாஃப்ட் நிறுவனம் 2018-ல் சண்டையே இல்லாத ஒரு சுற்றுலாப் பிரிவைச் சேர்த்தது. அதில் மாணவர்கள் அலெக்சாந்திரியாவின் தெருக்களில் நடக்கலாம், பிரமிடுகளுக்குள் நுழையலாம், பிணத்தைப் பதப்படுத்திய முறையைக் கேட்டறியலாம். இத்தகையவற்றை அறிமுகப்படுத்தினால் வரலாற்று ஆசிரியர் ஒருவராவது வகுப்பில் காட்டிப் பார்ப்பார்.

மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கினாலும் போதும். முதல் மதிப்புரை 'வெண்பா'வைப் பற்றியதாக இருக்கட்டும். அதோடு, செஞ்சி போன்ற இடங்களின் அளவைப் படங்களையும் கல்வெட்டுக் குறிப்புகளையும் விளையாட்டு உருவாக்கும் நம் இளைஞர்கள் எளிதாகப் பெற வழிசெய்யுமாறு இந்தியத் தொல்லியல் துறையையும் தமிழகச் சுற்றுலாத் துறையையும் தங்கள் தலையங்கத்தின் வாயிலாக வலியுறுத்த வேண்டுமென்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருவண்ணாமலை