வாகனத்தின் மூக்கைத் தூக்காதே, மச்சான்

விசுவமடு

அன்பு மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூத்தவளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இங்கே காலபோகம் ஒருமாதிரி முடிந்தது. அறுக்கிற நேரம் பெய்த மழையில் கீழ்வயல் சாய்ந்து கொஞ்சம் முளைத்துப் போனது. மேல்வயல் தப்பியது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிய ஹைலக்ஸ் டபுள் கப்பின் படம் பார்த்தேன். நல்ல வாகனம். ஆனால் மருமகன் சொன்னான் என்று முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்குச் சமனாகத் தூக்குகிற லெவலிங் கிட் போடப் போவதாகக் கடைசியில் எழுதியிருந்தாயே, அதை வாசித்ததும் பேனையை எடுத்துவிட்டேன். போடாதே. நான் போட்டுக் கழற்றியவன். எவ்வளவு காசு போனது என்று மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை.

எனக்கும் அதே ஆசைதான். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்து நிற்பது வடிவில்லை என்று ஒரு கராஜில் விட்டேன். குலுக்கலைத் தாங்குகிற முன் சொக்கின் தலையில் ஒரு இஞ்சி மொத்தத்தில் ஒரு வளையம் வைத்துப் பூட்டினார்கள். சில்லைத் தாங்குகிற ஆர்ம் நெம்புகிற கணக்கில் அந்த ஒரு இஞ்சி இரண்டு இஞ்சியாக வாகனத்தைத் தூக்கும். அரைநாள் வேலை. வெளியே வரும்போது புலி மாதிரி நின்றது, பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த கிழமை 12 மூடை நெல் ஏற்றிக்கொண்டு பரந்தன் வீதியில் மில்லுக்குப் போனேன். உன் அப்பா வண்டிலில் விறகு ஏற்றும்போது கத்துவாரே, "பின்பாரம் ஏத்தாதேங்கோடா, நுகம் தூக்கும்" என்று? அதேதான். பின்பக்கம் பதிந்தது, போனட் வானத்தைப் பார்த்தது, ஸ்டியரிங் கையில் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி மிதந்தது. வெறும் வாகனம் பின்னால் உயர்ந்து நிற்பது மூடைக்காக விட்டு வைத்த இடம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பாரம் ஏறினால் அது தானாகச் சமனாகும். நாங்கள் வெறுமையாக நிற்கும்போதே சமனாக்கினால், பாரம் ஏற்றியதும் குந்தாமல் என்ன செய்யும்?

அதைவிட மோசம் லைட். உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரவு திரும்பினேனே, அன்றைக்கு வட்டுவாகல் பாலத்தில் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். நான் தாழ்த்தின லைட்டில்தான் போனேன். அந்தப் பெடியன் நடுப்பாலத்தில் காலை ஊன்றி நின்று, ஒரு கையால் கண்ணை மறைத்தபடி, மற்றக் கையால் ஓரத்துக் கல்லைத் தடவிக்கொண்டு நின்றான். கிட்டப் போனதும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். நியாயம்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் 3 மீற்றர் சொச்சம். முன்பக்கம் 5 சென்ரிமீற்றர் உயர்ந்தால் 25 மீற்றருக்கு அப்பால் வெளிச்சம் 40 சென்ரிமீற்றர் மேலே போய்விடும். அந்தத் தூரத்தில் தாழ்த்தின லைட் இறங்குகிற அளவே அதைவிடக் குறைவு. பூட்டியவன் லைட்டைத் திருப்பி இறக்கித் தந்திருக்க வேண்டும். அவன் செய்யவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

சில்லின் கோணமும் மாறிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் முந்தி மாதிரித் தானாகத் திரும்பி வராது. நான் அலைன்மென்ட் பார்க்காமல் இரண்டு மாதம் ஓடினேன். ஒருநாள் டயரைக் கையால் தடவினால் ஓரம் அரம் மாதிரி ஒரு பக்கம் கீறியது, மறுபக்கம் வழுக்கியது. பிறகு அலைன்மென்ட் செய்தாலும் தேய்ந்த டயர் திரும்பி வருமா?

மாரியில்தான் பெரிய செலவு வந்தது. சில்லைச் சுழற்றுகிற முன் அக்சில் இப்போது கூடுதலாகச் சரிந்து நிற்கிறது அல்லவா, அதன் முனையில் உள்ள ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி வெடித்துவிட்டன. ரிம்மின் உட்பக்கம் முழுக்கக் கறுத்த கிரீஸ் தெறித்திருந்தது. அந்த வெடிப்பால் வயல் சேறு உள்ளே போய், வளைவில் முழுக்கத் திருப்பினால் 'டக் டக்' என்று அந்த உறைக்குள் மடங்கிச் சுழல்கிற சீவி ஜொயின்ட் சத்தம் போடத் தொடங்கியது. மதகில் இறங்கிச் சில்லு தொங்கும்போது வேறொரு 'டங்'. மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் போய் இடிக்கிறதாம். ஆர்மையும் சில்லையும் இணைக்கிற போல் ஜொயின்ட்டுக்கும் அந்த இழுவை நல்லதில்லை. ஸ்பிரிங்கை உள்ளே நெருக்கி உயர்த்துகிற இன்னொரு வகையும் இருக்கிறது. அதைப் போட்டால் வாகனம் கட்டைபோல விறைக்கும்.

ஒழுங்கைக் குழிக்கு நல்லது என்று மருமகன் சொல்லுவான். உழவு இயந்திரம் கிழித்த தடத்தில் நடுமேட்டில் முட்டுவது எது? பின் அக்சிலின் நடுவில் குடம் மாதிரித் தொங்குகிறதே, அதுதான். முன்பக்கத்தை எவ்வளவு தூக்கினாலும் அது ஒரு நூலும் உயராது. பெரிய டயர் போட்டால்தான் அது எழும்பும், அது வேறு செலவு. டீசல் கூடினது மாதிரியும் தெரிந்தது, அளந்து பார்க்கவில்லை. அம்மாவுக்கு ஏறுவதற்குப் பலகைக்கட்டை வைக்க வேண்டி வந்தது.

மருமகனிடம் ஒரு வேலை கொடு. மட்டமான நிலத்தில் நிறுத்தி, முன்சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரைக்கும் இரண்டு பக்கமும் அளக்கச் சொல். ஒரு பக்கம் குறைந்தாலோ, இரண்டும் இருக்க வேண்டியதைவிட இறங்கியிருந்தாலோ, ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று அர்த்தம். பழைய வாகனத்தில் அது நடக்கும். கொம்பனி அளவிலேயே புது ஸ்பிரிங் போடு. அளவு சரியாக இருந்தால் கை வைக்காதே. பார்வைக்குத்தான் வேண்டுமென்றால், கழுவி டயருக்குக் கறுப்புப் பூசிக் கொடு.

நான் கழற்றின வளையம் ஒன்றை அம்மா தண்ணீர்க் குடத்துக்குத் திருவணையாக வைத்திருக்கிறா. மற்றது சும்மா கிடக்கிறது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன், உன் வீட்டுக் குடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி