மாலை வகுப்பில் நிறுத்திய விளையாட்டு நேரத்தைத் திரும்பத் தாருங்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

மாலை வகுப்பில் இருந்த அரை மணி நேர விளையாட்டை அரையாண்டுத் தேர்வுக்காகத் தற்காலிகமாக நிறுத்துவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தீர்கள். தேர்வு முடிந்து விடைத்தாளும் கைக்கு வந்துவிட்டது. விளையாட்டுதான் இன்னும் வரவில்லை. அதைத் திரும்பத் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மாலை 4.15 மணிக்கு மாடியறைத் தரையில் மறுபடி அமர்த்தப்பட்டு, 6.15 வரை எழுதியதையே எழுதுகிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதற்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தாகமே இல்லாமல், “மிஸ், தண்ணி குடிச்சுட்டு வர்றனுங்க” என்று எழுந்துபோய், வராந்தாவின் கோடி வரை ஓடிவிட்டு வருகிறார்கள். அதையும் தடுக்க இப்போது கதவோரம் ஒரு மரச்சட்டம் தொங்குகிறது. அதை எடுத்துச் சென்றவர் திரும்பும் வரை அடுத்தவர் எழக்கூடாதாம். ஒன்பது வயதுப் பிள்ளை நாலெட்டு ஓடுவதற்குப் பொய் சொல்ல வேண்டியிருப்பது தங்களுக்கு உறுத்தவில்லையா?

வீட்டில் விளையாடட்டும் என்பீர்கள். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் நாங்கள். எங்கள் லைன் வீடுகளின் வாசலில் நான்கு பைக்குகள் நின்றால் நடக்கவே இடமில்லை. மாலை வகுப்புக்குத் தனிக் கட்டணம் கட்டுவதே இதனால்தான்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் கேட்பது அதில் பாதிதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றில் விளையாட்டுத் திடலையும் சேர்த்திருப்பது தாங்கள் அறியாததல்ல. திடல் நம் பள்ளியிலும் இருக்கிறது; சேர்க்கைக்கால ஃபிளெக்ஸ் பலகையில் பசுமையாகவே இருக்கிறது. மாலையில் போய்ப் பார்த்தால் முதல் டிரிப் முடித்த வேன்கள் அங்கே இளைப்பாறுகின்றன. குறுவட்டப் போட்டிக்குத் தேர்வான சிலருக்கு மட்டும் ஓரத்தில் பயிற்சி நடக்கிறது. மற்ற பிள்ளைகளுக்குக் கால்கள் எதற்கு, ஆண்டுவிழாவில் கைதட்டக் கைகள் போதுமே!

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டால் பொறுத்தருள வேண்டும். பயிற்சியாளரோ புதிய உபகரணமோ கேட்கவில்லை. வேன்களை மதிற்சுவருக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, பூட்டிய விளையாட்டு அறையிலிருந்து இரண்டு பந்தும் கயிறும் எடுத்துக் கொடுத்து, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் 4.15 முதல் 4.45 வரை எல்லாப் பிள்ளைகளையும், பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாமல், திடலில் ஓட விட்டால் போதும். வரும் திங்கட்கிழமை முதல் இதை நடைமுறைப்படுத்தி, நிறுத்தத்தை அறிவித்த அதே வாட்ஸ்அப் குழுவில் அதற்கான சுற்றறிக்கையையும் அனுப்புமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாலை வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சார்பாக,
நான்காம் வகுப்பு மாணவி ஒருவரின் தாய்