காவடிக் கடைகளில் விற்கும் 'ஆய்வக' மருந்துகள்: கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன் வட்டாரத்துக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி என்று காவடி எடுக்கும் நாட்களில் கோயில் வளாகத்தில் கடை போட இடம் கொடுக்கிறீர்கள். அந்தக் கடைகளில் பொடி, கேப்ஸ்யூல், சாறு விற்பவர்கள் "புற்றுநோய்ச் செல்களைக் கொல்வது ஆய்வகத்தில் நிரூபணம்", "சர்க்கரை நோய்க்கு விஞ்ஞானிகள் கண்ட தீர்வு" என்றெல்லாம் எழுதிவைத்து விற்பதை இனி அனுமதிக்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

நான் இந்த ஊரில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்பவன். நோய் வந்த செல் எப்படி நடந்துகொள்கிறது, மருந்து பட்டதும் அதற்குள் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். இதே விஷயத்தைச் சுருக்கி ஆங்கிலத்தில் செயலாளர்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது நம் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்காகவும், வீட்டில் யார் எந்த மாத்திரையை விழுங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பெரியவர்களுக்காகவும். பொடி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

போன காவடியில் ஒரு கடையில் நின்று துண்டுப்பிரசுரத்தை முழுக்கப் படித்தேன். மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்ஸ்யூல். அட்டையில் ஊதா நிறத்தில் ஒரு செல் படம், கீழே "100% சைவம், லேபில் நிரூபிக்கப்பட்டது". விற்றவர் நல்ல பேச்சுக்காரர். முன்னால் நின்ற ஆன்ட்டி, "கிளினிக்கில் கொடுக்கிற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா, தம்பி?" என்று கேட்டார். "நிறுத்தச் சொல்லமாட்டேன் ஆன்ட்டி, ஆனால் மெதுவாக உங்களுக்கே தேவைப்படாது" என்றார் அவர். சட்டத்துக்குப் பிடிபடாத பதில். ஆன்ட்டி இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.

அந்த "லேபில் நிரூபிக்கப்பட்டது" எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்களைப் போட்டு, மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவத்தை ஊற்றுவோம். சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு எல்லாம் அதில் உண்டு. கூடவே பசுவின் வயிற்றிலிருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரமும் பத்தில் ஒரு பங்கு உண்டு. கோயிலுக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் "100% சைவம்" என்று அச்சடித்தவருக்குத் தன் நிரூபணம் எதில் நீந்தியது என்று தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன். தட்டை 37 டிகிரியில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டியில் வைத்து, மறுநாள் மருந்தைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் விடுவோம். அப்புறம் எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை விடுவோம். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. ஊதா எவ்வளவு குறைந்தது என்று ஒரு கருவி அளந்து சொல்லும்.

பயனுள்ள சோதனைதான், நானும் செய்கிறேன். ஆனால் அந்தக் குழியில் சமையல் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து ஊற்றினாலும் செல் சாகும். வினிகர் ஊற்றினாலும் சாகும். கிருமிகளைக் கொல்லும் ஜேய்ஸ் ஃப்ளூயிட் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். உடம்பை விட்டு வெளியே வந்த செல்லைக் கொல்வதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. நோயுள்ள செல்லை மட்டும் கொன்று பக்கத்துக் குழியிலுள்ள நல்ல செல்லை விட்டுவைக்கிறதா, அதுவும் மனித ரத்தத்தில் உண்மையிலேயே சேரக்கூடிய அளவில் செய்கிறதா என்பதுதான் கேள்வி. துண்டுப்பிரசுரத்தில் இந்த இரண்டுக்கும் பதில் இருக்காது.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்குமினை வைத்து நடந்த செல் ஆய்வுகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் வரை ஊற்றுகிறார்கள். (திரவத்தில் ஒரு பொருள் எவ்வளவு செறிவாகக் கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அலகு அது.) மனிதர்கள் ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியபோதுகூட ரத்தத்தில் அது 2 மைக்ரோமோலாரைத் தாண்டுவது அரிதாக இருந்தது. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். 8 கிராம் வேண்டுமென்றால் தினமும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். சாயத்தை வைத்து அளக்கும் சோதனையில் மஞ்சளின் சொந்த நிறமும் ஒளிர்வும் கருவியை ஏமாற்றும் என்பது வேறு விஷயம். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் இத்தனை ஆண்டு ஆய்வுகளையும் புரட்டிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். போலி மாத்திரையோடு ஒப்பிட்டு ஒழுங்காக நடத்திய மனிதச் சோதனை எதிலும் குர்குமின் ஜெயிக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. ரசத்திலும் கறியிலும் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம், நானும் நிறுத்தவில்லை.

செல்லின் பெயரையே நம்ப முடியாத நேரமும் உண்டு. எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்று ஒரு செல் வரிசை இருக்கிறது. பல ஆண்டுகளாக உலகம் முழுக்க அதை மார்பகப் புற்றுநோய்ச் செல் என்று நினைத்துச் சோதனை செய்து கட்டுரை எழுதினார்கள். மரபணுவைப் பார்த்தபோது அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்ச் செல் என்று தெரிந்தது. ஆய்வாளர்களே ஏமாந்த இடத்தில் துண்டுப்பிரசுரம் எழுதுகிறவர் எம்மாத்திரம்?

இதெல்லாம் நம் நாட்டில் நடக்காத கதை இல்லை. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, ஐவர்மெக்டின் என்ற புழுநீக்கி மருந்து 5 மைக்ரோமோலார் அளவில் 48 மணி நேரத்தில் கொரோனா வைரஸைச் சுமார் 5,000 மடங்கு குறைத்தது என்று எழுதியது. குரங்கின் சிறுநீரகச் செல்லில், தட்டில் பார்த்த முடிவு அது. வழக்கமான மாத்திரையால் ரத்தத்தில் சேர்வதைவிடப் பல பத்து மடங்கு அதிகமான அளவு. ஆனால் இரண்டாம் அலை நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஐவர்மெக்டினை மனிதர்கள் குடித்தார்கள், கள்ளத்தனமாக மாத்திரை வந்திறங்கியது, வாட்ஸ்அப்பில் அளவு சொன்னார்கள். 2021 ஜனவரியில் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான சாப்ரா கட்டுப்பாட்டோடு அனுமதி தர வேண்டியதாயிற்று. மனிதர்களிடம் பெரிய அளவில் நடத்திய சோதனைகளின் முடிவு பின்னால் வந்தது: நோயாளிகளுக்குப் பலன் இல்லை. மலேரியா மருந்தான குளோரோகுயின் கதையும் இதேதான். குரங்குச் சிறுநீரகச் செல்லில் வைரஸைத் தடுத்தது, மனித நுரையீரல் செல்லில் தடுக்கவில்லை. வைரஸ் அந்தச் செல்லுக்குள் நுழையும் வழியே வேறு.

இன்னும் பின்னால் போனால் 2006. டொரொன்டோவில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் நம் நாட்டு அரசாங்கத்தின் கடையில் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் அடுக்கி வைத்திருந்தார்கள். உலகமே சிரித்தது, நம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் எச்.ஐ.வி. மருந்தைத் தாமதப்படுத்தியதால் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள். அப்போது சுகாதார அமைச்சர் பரிந்துரைத்தவற்றில் ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு என்று இங்கே சொல்லும் கிழங்கும் ஒன்று. 2005-இல் அதன் சாற்றை ஆய்வகத்தில் சோதித்தபோது, மருந்துகளை உடைக்கும் சைப் 3ஏ4 என்ற கல்லீரல் நொதியை அது மட்டுப்படுத்துவது தெரிந்தது. எச்.ஐ.வி. மருந்துகள் பலவும் அந்த நொதி வழியாகத்தான் போகின்றன. மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஆபத்து வரலாம் என்ற எச்சரிக்கை ஆய்வகத்திலிருந்துதான் வந்தது. அதை எந்தக் கடையிலும் ஒட்டி வைக்கவில்லை.

இப்போது அந்தக் கேப்ஸ்யூலிலுள்ள மிளகுக்கு வருவோம். குர்குமின் ரத்தத்தில் சேர்வதே இல்லையே என்று, மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்து 1998-இல் பெங்களூரில் ஒரு சோதனை நடந்தது. ரத்தத்தில் சேரும் குர்குமின் 20 மடங்காகியது. கேப்ஸ்யூல் விற்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஏன் கூடியது என்பதைச் சொல்லமாட்டார்கள். உள்ளே வரும் வேதிப்பொருளை உடைத்து வெளியே தள்ளும் உடம்பின் வேலையை பைப்பரின் தடுக்கிறது, அதனால்தான். ஆய்வகத்தில் வளர்த்த குடல் செல்களிலும் மனிதக் கல்லீரல் மாதிரிகளிலும் பார்த்தபோது அதே சைப் 3ஏ4-ஐயும், மருந்தை வெளியே இறைக்கும் ஒரு புரதத்தையும் அது அடக்கியது. நம் ஊர்ச் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அறுபது தாண்டிய ஒருவரின் மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின், பிரஷருக்கு அம்லோடிபின். இரண்டும் அந்த நொதி வழியாக உடைபவை. ரசத்திலுள்ள மிளகு பயப்பட வேண்டிய அளவில்லை. செறிவாக்கி டப்பாவில் அடைத்து மாதக்கணக்கில் விழுங்குவது வேறு கணக்கு. மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கல்லீரல் பாதிப்பு ஆய்வு வலையமைப்பு எழுதியிருக்கிறது. அந்த 10 பேரில் 7 பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. ஒருவருக்கு ஒன்றும் செய்யாதது இன்னொருவர் கல்லீரலைத் தாக்குகிறது. இப்படி யாருக்கு எது ஆகாது என்று கண்டுபிடிக்கத்தான் நாங்கள் செல்லோடு மல்லுக்கட்டுகிறோம்.

"நம் பாட்டி வைத்தியத்துக்கு எதிரியா நீங்கள்?" என்று யாராவது கேட்பீர்கள். இங்கே பல வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் இலையைச் சர்க்கரைக்கு நல்லது என்று ஜமைக்காவில் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து ஒரு டாக்டர் கொஞ்சம் இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. அந்த வியப்பிலிருந்து வின்பிளாஸ்டின் வந்தது, பின்னால் அமெரிக்காவில் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டின். செல் பிரியும்போது உள்ளே இழுத்துக் கட்டும் நுண்ணிழைகளை அவை உருவாக விடாமல் செய்கின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் கொடுக்கிறார்கள், மில்லிகிராம் கணக்கில், ரத்தக்குழாய் வழியாக, மிகுந்த எச்சரிக்கையோடு. அதே இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் விஷம். செடி ஒன்றும் பொய் சொல்லவில்லை. எந்த நோய்க்கு, எவ்வளவு, எந்த வழியில் என்ற மூன்றும்தான் மருந்தாக்கின. கஷாயக்காரர்கள் நம்பிய நோயே வேறாக இருந்தது.

தட்டிலிருந்து நோயாளிவரை நேர்மையாகப் போய்ச் சேர்ந்த மருந்தும் நம் கண்முன் இருக்கிறது. காசநோய்க்கான பெடாகுயிலின். காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவுக் கிருமி ஒன்றின்மேல் ஏராளமான வேதிப்பொருட்களைச் சோதித்துப் பார்த்ததில் கிடைத்தது. 2005-இல் அறிவித்தார்கள், 2012-இல் அமெரிக்கா அனுமதித்தது, 2018-இல் தென்னாப்பிரிக்கா காது கேட்காமல் செய்த பழைய ஊசிகளுக்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தது. நடுவில் போன வருடங்கள் முழுக்க மனிதர்களில் சோதிக்கவும், யாருக்கு இதயத் துடிப்பில் கோளாறு வருகிறது என்று கவனிக்கவும் போனவை. அந்த வருடங்களை ஒரு துண்டுப்பிரசுரத்தால் தாண்ட முடியாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வடை விற்பவரிடம் நகராட்சிச் சான்றிதழ் கேட்கிறீர்கள். இல்லையென்றால் அடுப்பு பற்றவைக்க விடுவதில்லை. கேப்ஸ்யூல் விற்பவரிடம் வாடகை மட்டும் கேட்கிறீர்கள். கடை விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: எந்த நோயையும் குணமாக்கும் என்று எழுத்திலோ வாய்வார்த்தையிலோ சொல்லி எதையும் விற்க மாட்டேன் என்று கையெழுத்து. பதிவு பெறாத இத்தகைய பொருட்கள் சாப்ராவால் மதிப்பிடப்படாதவை என்று லேபிளில் போட வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அந்த வரி டப்பாவில் இருக்கிறதா என்று கடை திறக்குமுன் ஒரு தொண்டர் பார்த்தால் போதும். ஒலிபெருக்கியில் "இந்தக் கடையில் அருமருந்து கிடைக்கும்" என்று படிப்பதை நிறுத்துங்கள். கோயில் மைக்கில் சொன்னால் அது விளம்பரமாகக் காதில் விழாது, சாமி சொன்னதாக விழும். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் தந்தது.

அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாம். ஓய்வுபெற்ற நர்ஸ் சிஸ்டர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு மேசை, ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி, பிரஷர் கருவி. "இதோடு வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்க ஓர் ஆள். பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் மறைப்பவர்கள் சிஸ்டரிடம் சொல்லிவிடுவார்கள். வாடகை நஷ்டம் வரும், தெரியும். அன்னதானக் கணக்கில் அது எவ்வளவு என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மஞ்சள், பாகற்காய், முருங்கை, நாவல்கொட்டை எல்லாம் எத்தனை கடை வேண்டுமானாலும் போட்டு விற்கட்டும், காய்கறியாகவும் பலசரக்காகவும். ஒரு சின்ன விஷயம் மட்டும்: சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பாகற்காய்ச் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். விரதமிருந்து வெயிலில் காவடி எடுக்கும் நாளில் அது வேண்டாத வம்பு.

படிவத்தில் சேர்க்க வேண்டிய வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் செயலாளர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வழக்கறிஞர் யாராவது பார்த்துத் திருத்தினால் நல்லது. அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் 96 குழித் தட்டு ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்து காட்டுகிறேன். சனிக்கிழமை காலையில் மட்டும் செல்களுக்குத் திரவம் மாற்ற வேண்டும். மற்ற நேரம் எப்போது சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோயில்களுக்கு வந்துபோகும் ஓர் ஆய்வகப் பணியாளன்
டர்பன்