பெயரோடு உதையும் மாறியது

ஆசிரியருக்கு,

கராத்தே கட்டாவை, அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பை, பாணி விட்டுப் பாணி கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்குப் பினான் வரிசையே போதும். கராத்தே ஆசான் இடோசு அங்கோ, ஜப்பானின் ஒகினாவா பள்ளி மாணவர்களுக்காக அமைத்த ஐந்து கட்டாக்கள் இவை. ஷோடோகான் பாணியின் நிறுவனர் ஃபுனகோஷி இவற்றை ஹெய்யான் என்றாக்கி, முதலிரண்டையும் இடம் மாற்றினார். ஷிட்டோரியூ என்ற பாணியின் பினான் ஷோடான்தான் (முதல் கட்டா) ஷோடோகானின் ஹெய்யான் நிடான் (இரண்டாம் கட்டா). பெயர்க் குழப்பம் பட்டைத் தேர்வில் திட்டு வாங்குவதோடு போய்விடும்.

நிலை மாறியதுதான் சிக்கல். இந்தக் கட்டாவின் மூலத்தில் முதல் அசைவு பூனை நிலை: எடை பெரும்பாலும் பின்காலில், முன்பாதம் தரையைத் தொட்டால் போதும். அந்தக் காலை அப்படியே தூக்கி உதைக்கலாம். ஷோடோகானின் நீண்ட கொக்குட்சு நிலையில் (பின்காலில் சாய்ந்து நிற்பது) 30 சதவீத எடை முன்காலில் இருப்பதால், முதலில் உடலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். எதிராளி அதைப் பார்த்துவிடுவார். நடுவில் வரும் முன்னுதையோ பக்க உதையாகிவிட்டது. எதிராளியின் கையைப் பற்றிக்கொண்டு கிட்டத்தில் உதைக்க முன்னுதைதான் சரி. பக்க உதைக்கு இடுப்பு திரும்ப வேண்டும், இடமும் வேண்டும், பிடி நழுவும். பார்க்க அழகு, சந்தேகமில்லை.

இரண்டையும் கலந்து, பூனை நிலையிலிருந்து பக்க உதை கேட்கும் வகுப்புகளும் உண்டு. ஊன்றிய காலின் குதிகாலைத் திருப்பச் சொல்லாவிட்டால் திருகல் முழுக்க முழங்காலில் இறங்கும்.

— கராத்தே பயிற்றுநர், மதுரை