பொருள்: 1098 சிசி எஞ்சினுக்குத் தவறான சிலிண்டர் ஹெட் அனுப்பியதும், பில்லில் போட்ட வேலையைச் செய்யாததும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

என் மோரிஸ் மைனர் காரின் 1098 சிசி ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு நான் ஆர்டர் செய்தது 12ஜி295 என்ற ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் பாகம். இன்லெட் வால்வு 1.219 அங்குலம், புகை வெளியேறும் எக்சாஸ்ட் வால்வு 1 அங்குலம், பெட்ரோல் எரியும் குழியான சேம்பர் 28.3 சிசி. முதலில் வந்தது 12ஜி940. மேல்மூடியான ராக்கர் கவரைக் கழற்றினாலே ஹெட்டின் வார்ப்பு எண் தெரியும். உங்கள் ஆட்கள் அதைக்கூடப் பார்க்கவில்லை.

போனில் உங்கள் தொழில்நுட்பப் பிரிவு ஊழியர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஸ்டட் ஓட்டை எல்லாம் பொருந்துதுல்ல சார், அப்புறம் என்ன?" ஐயா, ஓட்டை பொருந்தும். வால்வு பொருந்துமா? அது 1275 சிசி எஞ்சினின் ஹெட். அந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டர் விட்டம், 70.61 மி.மீ., 1098-க்கு 64.58தான். 1.156 அங்குல எக்சாஸ்ட் வால்வு திறக்கும்போது பிளாக்கின் விளிம்பில் முட்டும். பிளாக்கில் வால்வுக்கு இடம் விடும் பள்ளம் (பாக்கெட்) வெட்டாமல் அதைப் போடவே முடியாது. வெட்டினாலும் பிஸ்டனின் மேல் ரிங் வரும் உயரத்துக்கு இறங்கிவிடக் கூடாது. வால்வு முட்டுகிறதா என்று விளிம்பில் களிமண் ஒட்டிக் கையால் கிராங்கைச் சுற்றிப் பார்த்ததால் எஞ்சின் பிழைத்தது. செல்ஃப் அடித்திருந்தால் புஷ்ராட் வளைந்திருக்கும். இதைச் சொன்னதற்கு, "இன்டர்நெட்ல படிச்சிட்டு வந்து பேசாதீங்க" என்று போனை வைத்துவிட்டார். அந்தப் பேச்சுக்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும்.

வார்ப்பிரும்பு ஹெட் என்ன கனம் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சுமந்து வரச் சொல்லிவிட்டு, "ரிட்டர்ன் இங்கே எடுக்க மாட்டோம், கிடங்குக்குப் போங்க" என்றார்கள். கிடங்கில் பூட்டு.

மாற்றி அனுப்பியது 12ஜி295தான், நன்றி. ஆனால் பில்லில் "லேசான ஸ்கிம்மிங்", அதாவது ஹெட்டின் அடிப்பரப்பை லேசாகச் சீவியது, என்று இருக்கிறது. பியூரெட் என்ற அளவுக்குழாய் வைத்து அளந்தால் முதல் சேம்பர் 24 சிசி, நான்காவது 26. மெஷினில் ஹெட்டைச் சாய்வாகக் கட்டிச் சீவியிருக்கிறீர்கள். கேஸ்கட்டுக்கும் பிஸ்டன் மேல் இடைவெளிக்கும் 5 சிசி சேர்த்தால், ஒரு சிலிண்டருக்கு 274.5 சிசி கணக்கில், கம்ப்ரஷன் விகிதம் முதல் சிலிண்டரில் 10.5, நான்காவதில் 9.9. எழுதிக் கேட்டது 9.2. சாதாரண பெட்ரோலில் எஞ்சின் தட்டும் (நாக்கிங்), பிஸ்டன் போகும். சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியுமா? இவ்வளவு இறக்கினால் ராக்கரைத் தாங்கும் பெடஸ்டலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும், அதுவும் வரவில்லை.

இதைவிட மோசம், ஈயமில்லாப் பெட்ரோலுக்காகப் பணம் கட்டிய நான்கு கடின எக்சாஸ்ட் சீட் இன்சர்ட்டுகள், அதாவது வால்வு உட்காரும் இடத்தில் பதிக்கும் வளையங்கள். இன்சர்ட் போட்டிருந்தால் வளையத்தின் கோடு தெரியும். இங்கே வெறும் வார்ப்பிரும்பை அறுத்துவிட்டிருக்கிறீர்கள். சீட் உள்வாங்கி, வால்வு முழுதாக மூட விட்டிருக்கும் 0.012 அங்குல டேப்பட் இடைவெளி அடைத்து, வால்வு மூடாமல் கருகும். இந்த ஹெட்டை நம்பிக் காரை எடுத்திருந்தால் மொத்த எஞ்சினும் குப்பைக்குத்தான். கார் ஓடாமல் நின்ற இந்த சீசன் முழுவதும் உங்கள் கணக்கில்தான் வரும்.

தயவுசெய்து, சீவாத 12ஜி295 ஒன்றை, சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இல்லை என்ற பிரஷர் டெஸ்ட் அறிக்கையோடும், நான்கு சேம்பரின் சிசி அளவோடும் அனுப்புங்கள். முடியாதென்றால் முழுப் பணம், இருவழி கூரியர் செலவு உட்பட. பத்து நாளில் எழுத்துப்பூர்வ பதில் வராவிட்டால் பில், அளவுகள், படங்களோடு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ஹெட்டை எடுத்துப்போக உங்கள் ஆளையே அனுப்புங்கள்; நான் இனி சுமக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்