நீராவி வண்டிக்கு மட்டும் கேமராவைத் தூக்கும் நண்பர்களுக்கு

பிரிட்டனின் தண்டவாள ஓரங்களில் கேமராவோடு நிற்கும் நண்பர்களே,

போன கோடையில், தென்மேற்கு இங்கிலாந்தில் கடலை ஒட்டியே தண்டவாளம் ஓடும் டாலிஷ் ஊரின் கடற்சுவரில் நானும் உங்களோடு நின்றேன். காலை வெயில் கடல் பக்கமிருந்து தண்டவாளத்தில் விழுந்துகொண்டிருந்தது, முப்பது பேருக்கு மேல் இருப்போம், எல்லோரும் காத்திருந்தது நீராவிச் சிறப்பு வண்டிக்கு. அதற்குக் கொஞ்சம் முன்னால் தினமும் ஓடும் சாதாரண டீசல் பயணிகள் வண்டியான நாலு பெட்டி வாயேஜர் ஒன்று வந்தது. நான் கேமராவைத் தூக்கியதும் பக்கத்தில் இருந்தவர், "அது வெறும் வாயேஜர்தானே, எதற்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் சுற்றிப் பார்த்தால் வேறு யார் கையிலும் கேமரா மேலே இல்லை. அன்றிலிருந்து மனசில் கிடப்பதை இப்போது எழுதிவிடுகிறேன்.

அந்த வண்டியின் மஞ்சள் மூக்கில் பூச்சிகள் அப்பிக் கிடந்தன, பக்கவாட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் 750 குதிரைத்திறன் கம்மின்ஸ் எஞ்சின் ஒன்று இருப்பதால் கடக்கும்போது உறுமல் ஒரே மூச்சாக வராது, நாலு தடவை எழும்பி அடங்கும். இந்த வகை வண்டிக்கும் அந்தக் கடலுக்கும் பழைய பகை உண்டு என்பது உங்களுக்கே தெரியும்: பிரேக் போடும்போது எழும் மின்சாரத்தை வெப்பமாக்கும் கருவி கூரைமேல் இருக்கிறது, பெரிய அலையின் உப்புத்தண்ணீர் அதில் கொட்டினால் வண்டி நின்றுவிடும், அதனால் புயல் நாட்களில் டாலிஷுக்கு முன்னால் உள்ள எக்ஸிட்டர் நகரோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2014 பிப்ரவரியில் இதே இடத்தில் சுவர் இடிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது, ஏப்ரல் 4 வரை பாதை மூடிக் கிடந்தது, பிறகு உயரமான புதுச் சுவரே கட்டிவிட்டார்கள். பழைய தாழ்ந்த சுவர் ஓரமாக வாயேஜர் ஓடும் படம் இனி யாருக்கும் கிடைக்காது. அன்று வெறும் வாயேஜர் என்று நினைக்காமல் எடுத்தவர்களிடம்தான் அது இருக்கிறது.

இன்டர்சிட்டி 125 என்ற அதிவேக டீசல் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 அக்டோபரில் அது ஓடத் தொடங்கியபோது, வெஸ்டர்ன் என்ற பழைய டீசல் எஞ்சின்களை ஓரங்கட்ட வந்த வண்டி என்று முகம் சுளித்த ரசிகர்கள் உண்டு. 2019 மே 18 அன்று லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து முழு நீள 125 கடைசியாகக் கிளம்பியபோது நடைமேடையில் கேமராக்கள் நெருக்கியடித்தன. நடுவில் கிட்டத்தட்ட 43 வருஷம் தினமும் ஓடியதே, அந்தச் சாதாரண நாட்களின் படங்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? கடைசி நாள் படம் எல்லோரிடமும் இருக்கிறது. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை மதியத்தின் படம் எங்கே?

எனக்கே இந்தத் தப்பு நடந்திருக்கிறது. வட இங்கிலாந்தின் டிரான்ஸ்பென்னைன் பாதையில் 'கிளாஸ் 68' என்ற டீசல் எஞ்சின்கள் மார்க் 5ஏ பெட்டிகளை இழுக்க ஆரம்பித்தது 2019-ல். காதை அதிரவைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்கவே போகலாம், ஆனால் புது வண்டிதானே, இருபது வருஷம் ஓடும் என்று தள்ளிப்போட்டேன். 2023 டிசம்பரோடு அந்தப் பாதையில் அவை நின்றுபோயின. என்னிடம் இருப்பது மூன்று படங்கள், அதில் ஒன்று மங்கல்.

இந்த வண்டிகளில் திறமைக்கு வேலை இல்லை என்று சிலர் சொல்கிறீர்கள். சரி, லான்காஸ்டர் நிலையத்தில் 'கிளாஸ் 195' டீசல் வண்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஷட்டர் 1/1000 நொடியில் வைத்தால் முகப்பின் எல்இடி பலகையில் போய்ச்சேரும் ஊரின் பெயரான 'விண்டர்மியர்' என்பது பாதி எழுத்தாகத்தான் விழும், சில சமயம் வெறும் கறுப்பாக. அந்த விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. பெயர் முழுதாக விழ 1/125 பக்கம் இறங்க வேண்டும், அப்போது வண்டியே கலங்கிவிடும். ஆகவே வேகம் குறைந்து நடைமேடைக்குள் நுழையும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். நீராவி வண்டியில் இந்தத் தொல்லை கிடையாது. (நிலையத்தில் ஃபிளாஷ் வேண்டாம், முக்காலியை நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலேயே வையுங்கள், தெரிந்ததுதான், ஆனாலும் ஒருவர் மீறினால் ஊழியர்கள் எல்லோரையும் முறைக்கிறார்கள்.)

நேரமும் அதிகம் இல்லை. டீசலில் மட்டும் ஓடும் வண்டிகளை 2040-க்குள் அகற்ற வேண்டும் என்று 2018-லேயே அரசு ரயில்வேயிடம் கேட்டுவிட்டது. லண்டன் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து ஷெஃபீல்டுக்கும் நாட்டிங்காமுக்கும் ஓடிப் பழகிய மெரிடியன் டீசல் வண்டிகளுக்குப் பதிலாக, மின்சாரத்திலும் டீசலிலும் ஓடும் 'கிளாஸ் 810' அரோரா வண்டிகள் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மின்கம்பிகள் எட்டும் இடங்களில் பாலத்துச் சுவர்களையும் உயர்த்திவிடுகிறார்கள், அப்புறம் நேற்றுவரை நின்று எடுத்த இடத்தில் இன்று எட்டிப் பார்க்கவே முடிவதில்லை.

அதனால் அடுத்த தடவை நீராவிக்காக நிற்கும்போது, அதற்கு முன்னும் பின்னும் வருகிற வண்டிகளையும் எடுங்கள். முகப்பில் இருக்கும் எண், தேதி, எங்கிருந்து எங்கே போனது என்பதையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். டாலிஷில் என்னைக் கேட்ட நண்பர் இதைப் படித்தால் எழுதுங்கள், அந்த வாயேஜர் படத்தை அனுப்புகிறேன். ஓரத்தில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நீங்களும் நிற்கிறீர்கள்.