மூக்கின் அளவு இனம் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டா பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையில், அங்குள்ள இரு பெரும் பிரிவினரில் டுட்ஸிகள் உயரமானவர்கள், கூரிய மூக்குடையவர்கள் என்றும், ஹூட்டுகள் குட்டையானவர்கள், அகன்ற மூக்குடையவர்கள் என்றும் ஏதோ இயற்கை உண்மைபோல எழுதப்பட்டிருந்தது. படித்து வருந்தினேன். இது காலனி ஆட்சிக்கால மானிடவியலாளர்கள் அளவுகோலோடு சென்று தீட்டிய சித்திரம். வடக்கிலிருந்து வந்த 'ஹாமிட்டிக்' இனமே கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நாகரிகத்தைக் கொண்டுவந்தது என்ற கற்பனைக்கு மூக்கும் மண்டையோடும் சான்றாக்கப்பட்டன. 1930இல் வெளிவந்த, பிரிட்டிஷ் மானிடவியலாளர் செலிக்மனின் நூல் அதைப் பாடமாகவே ஆக்கிவிட்டது. அதே பத்தாண்டில், அப்போது ருவாண்டாவை ஆண்ட பெல்ஜிய நிர்வாகம் ஒவ்வொருவரின் பிரிவையும் அடையாள அட்டையில் பதித்தது. ஒரே கின்யார்வாண்டா மொழியைப் பேசி, குலப்பெயர்களைப் பகிர்ந்து, மண உறவும் கொண்டிருந்த மக்கள் அவர்கள்! 1994இல் டுட்ஸிகளுக்கு எதிரான இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் எத்தனையோ பேரின் உயிரைத் தீர்மானித்தது அந்த அட்டைதான்.

நான் உடற்கூறியல் கற்பித்த காலத்தில், மாணவர்களை ஒருவர் மூக்கை ஒருவர் அளந்து, அகலத்தை உயரத்தால் வகுத்து, நூறால் பெருக்கச் சொல்வேன். ஒருமுறை உடன்பிறந்த இருவர் அதே வகுப்பில் இருந்தனர். இந்த எண்ணை வைத்து இனம் பிரித்த பழைய அட்டவணைப்படி அவர்கள் வெவ்வேறு 'இனம்' ஆனார்கள். தாங்கள் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டும். இனி இத்தகைய வருணனை வரும் இடங்களில், அது யாரால், எப்போது உருவாக்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை